பசி திரும்பும் காலம்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள மருமகனுக்கு,

இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போலத் தைத்துவிடும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் முதற்சில மாதங்கள் பசி மங்கிக் கிடப்பதற்குக் காரணம், கிரெலின் என்னும் பசி ஓமோனை மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் கூடவே போய்விடுவதாகும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்களான கொஜிமாவும் கங்கவாவும் கண்டறிந்த இந்த ஓமோனே உண்ணும் வேளையை மூளைக்கு அறிவிப்பது. மாதங்கள் செல்லப் பசி மெல்லத் திரும்பும். அது சத்திரசிகிச்சை பிழைத்துப்போனதன் அடையாளமன்று என்பதால், மருமகன் அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டியதில்லை.

திரும்பியது எந்தப் பசி என்று பிரித்தறிவதுதான் கடினம். வயிற்றுப் பசி படிப்படியாக ஏறி, அவித்த பருப்புக்கும் அடங்கும். பழக்கப் பசியோ திடீரென வந்து, எருமைத் தயிர்ச் சட்டியைக் கண்டதும் கித்துள் பாணியையே கேட்கும். புட்டை உதிர்த்து, பாலாணம் ஊற்றி, மீன்குழம்போடு பிசைந்து மளமளவென்று உண்டு பழகிய கைக்கு இரைப்பை சுருங்கிய செய்தி இன்னும் எட்டவில்லை. மெல்லாமல் இறங்கும் புட்டும் பாணும் நெஞ்சுக்குள் அடைத்து, உமிழ்நீர் பெருகி வாந்தியில் முடியும். ஆணத்தில் குழைத்தால் அடைக்காது, ஆனால் வழுக்கி இறங்கி வயிறு நிறைந்த உணர்வைத் தராமல் மேலும் உண்ண வைக்கும் (டின்பால் தேநீரும் ஐஸ்கிறீமும் செய்யும் சூழ்ச்சியும் இதுவே). ஆகவே களப்பு மீனையோ முட்டையையோ முதலில் மென்று தின்று, இடமிருந்தால் இரண்டு வாய் புட்டு உண்பதும், தண்ணீரை அரைமணி நேரம் கழித்துக் குடிப்பதும் நன்று. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உடலுக்கு வேண்டும். வைத்தியர் எழுதிய விற்றமின், இரும்பு, கல்சியக் குளிசைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை, அதில் விவாதமில்லை.

குளிசையை விடக் கடினமானது உறவினர் வீட்டுப் பந்தி. மட்டக்களப்பில் “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்பது அன்பின் பேச்சு, கோப்பையைத் தள்ளினால் சமைத்தவரின் முகம் வாடும். பரிமாறிய பின் மறுப்பதை விட, உட்காருமுன்பே குசினிக்குள் போய்த் தமக்குரிய சிறு கோப்பையைத் தாமே எடுத்துவருவது மருமகனுக்கு எளிது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் வாங்க வரும்போது மாமி தேநீர்த் தட்டில்தான் சோறு போடுவார். பலகாரத் தட்டம் அன்று அலுமாரிக்குள் இருக்கும்.

இப்படிக்கு,
கல்லடி மாமா