கடலே கல்லறை

கேள்வி: போர்க்கப்பலோடு மூழ்கிய மாலுமிகளுக்குக் கல்லறைகூட இல்லையே. ஊரார் அவர்களை எங்கே போய் நினைப்பது?

பதில்: முடிந்தால் ஒருமுறை டையூவுக்குப் போய் வாருங்கள். 1971 டிசம்பர் 9 இரவு, அந்தக் கரைக்கு அப்பால்தான் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோரின் டார்பிடோ தாக்கி, ஐ.என்.எஸ். குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. கேப்டன் மகேந்திரநாத் முல்லா மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டுக் கப்பலோடே போனார். அவருக்கு மகாவீர் சக்ரா அளிக்கப்பட்டது. கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிப் பேழைக்குள் குக்ரியின் சிறிய மாதிரி நிற்கிறது. அதன் பின்னால் தெரிவது வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் கல்லறை.

டிசம்பர் 4, கடற்படை தினம். அதே 1971 போரில் நடந்த கராச்சித் தாக்குதலின் வெற்றியை நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஐந்து நாள் கழித்து வரும் தேதி மட்டும் சத்தமில்லாமல் கடந்து போவது எனக்கு வலிக்கிறது.

உடல் வராத வீட்டில் துக்கம் முடிவதே இல்லை. எங்கே பால் ஊற்றுவது, எங்கே விளக்கு வைப்பது? வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் பீடும் பொறித்த மரபு நம்முடையது. உங்கள் ஊர்ப் பிள்ளை யாராவது கடலில் போயிருந்தால், அவர் படித்த பள்ளிச் சுவரில் ஒரு கல் பதியுங்கள். பெயர், கப்பல், தேதி. அந்த வீட்டில் இன்னும் யாராவது இருந்தால், திரையை விலக்க அவர்களையே அழையுங்கள்.