புகையிலை இல்லாத வளாகம்: விதியைக் காப்பவர்கள் யார்?



வாய்ப்புற்று, தொண்டைப்புற்று, நுரையீரல் நோய், மாரடைப்பு என்று மருத்துவமனைப் படியேறி வருகிறவர்களில் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அநேகர். அவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆனால் பழக்கம் தொடங்கியது அந்த வயதில் அல்ல. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் 99 விழுக்காட்டினர் 26 வயதுக்குள்ளாகவே முதல் சிகரெட்டைப் புகைத்தவர்கள் என்று காட்டுகிறது. அந்த வயதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்குகிறவர்கள் மிகச் சிலரே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.5 லட்சம் பேர் புகையிலையால் மடிகிறார்கள். இந்த நோயாளிகளை மருத்துவமனை வாசலில் சந்திப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறோர் இடத்தில் சந்திக்க முடியுமானால் எவ்வளவு நலம்! அந்த இடங்களில் ஒன்று கல்லூரி வளாகம். வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே தங்கும் பிள்ளை, தேர்வு பயம், நண்பர்களின் வற்புறுத்தல், கையில் சிறிது பணம், வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை என்று எல்லாம் ஒன்றுகூடும் இடம் அது.

வளாகத்தில் புகையிலைக்குத் தடை விதிப்பது இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் விதி எழுதுவது ஒன்று, அது நடப்பது வேறொன்று. அதை நடக்க வைப்பவர்கள் யார் என்பதே இம்மாதப் பாடம்.

இரண்டு வகையான விதிகள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். "புகையில்லா வளாகம்" என்றால் சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றைப் புகைக்கக் கூடாது என்று பொருள். "புகையிலை இல்லா வளாகம்" என்றால் மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, உதட்டுக்குள் அடக்கும் பொட்டலங்கள் எல்லாவற்றுக்குமே தடை. முதல் விதி பெரும்பாலும் அருகில் இருப்பவரைக் காக்கிறது. பிறர் விடும் புகையில் "இந்த அளவு வரை ஆபத்தில்லை" என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லியது. இரண்டாவது விதி அருகில் இருப்பவரோடு, பயன்படுத்துகிறவரையும் சேர்த்துக் காக்க முயல்கிறது. அமெரிக்கக் கல்லூரி சுகாதாரச் சங்கம் 2009-ஆம் ஆண்டு, கல்லூரிகள் இந்த இரண்டாவது வகையையே நாட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

புகையிலை விளையும் மண்ணில்

இந்த விதி எங்கே மிகக் கடினமாக இருக்கும் என்று கேட்டால், புகையிலை விளையும் ஊரில் என்றே சொல்லுவோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் அப்படிப்பட்டது. "பர்லி" என்னும் புகையிலை வகைக்கு அது பெயர்பெற்ற நிலம். புகையிலை விற்ற பணத்தில் கடனை அடைத்து, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் அங்கே ஏராளம். அங்கே புகையிலைக்கு எதிராகப் பேசுவது, சோறு போட்ட கையைத் தட்டிவிடுவது போலத் தோன்றும்.

அந்த மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கென்டக்கிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் நகரமே வழிகாட்டியது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில், உணவகங்கள் உட்படப் பொதுக் கட்டடங்களுக்குள் புகைக்கக் கூடாது என்ற சட்டம் லெக்சிங்டனில் நடைமுறைக்கு வந்தது. 2008 நவம்பரில் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும் மருத்துவக் கல்விப் பகுதியும் புகையிலை இல்லா இடமாயின. சரியாக ஓராண்டு கழித்து, 2009 நவம்பரில், முழு வளாகமும் அவ்வாறே ஆயிற்று. கட்டடங்கள் மட்டுமல்ல, நடைபாதை, புல்வெளி, வாகனம் நிறுத்துமிடம் எல்லாம் இதில் அடங்கும்.

முதலில் நகரம், அடுத்து மருத்துவமனை, பிறகு வளாகம் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். நோயாளிகளைப் பராமரிக்கும் இடம் தன் வாசலைச் சுத்தமாக்கிக் கொண்ட பிறகே மற்றவர்களை அழைத்தது. மிஷன் மருத்துவமனைகளைத் தாங்கும் நமக்கு இது கருதத்தக்கது.

மூன்று தூண்கள்

விதி வந்த அன்றே எல்லாரும் கைவிட்டுவிடவில்லை. ஒதுக்குப்புறங்களில் சிகரெட் துண்டுகள் கிடக்கத்தான் செய்தன. அந்தப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்வித் துறையைச் சார்ந்த ஆய்வாளர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து மூன்று காரியங்களை வகுத்துச் சொன்னார்கள்.

1. சொல்லுதல். விதி என்ன, எந்த நாளிலிருந்து, எந்த எல்லை வரை, ஏன் என்பதை முன்னதாகவே எல்லாருக்கும் பலமுறை சொல்ல வேண்டும். புதிய மாணவர் சேரும்போதும், பணியாளர் நியமனம் பெறும்போதும், விருந்தினர் வரும்போதும் சொல்ல வேண்டும். தெரியாத விதியை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

2. சிகிச்சை. நிக்கோட்டின் மூளையைப் பிடித்துக்கொள்ளும் பொருள். பல ஆண்டு பழகியவரிடம் "நாளையிலிருந்து இங்கே கூடாது" என்று மட்டும் சொன்னால், அவர் மதிலுக்கு வெளியே போய் நிற்பார். ஆலோசனையும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற மருந்துகளும் கிடைக்கச் செய்தால், அவருக்கு ஒரு வழி திறக்கிறது. தடையும் உதவியும் ஒன்றாக வர வேண்டும்.

3. பயிற்சி. விதியை மீறுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கற்றுத்தர வேண்டும். கென்டக்கியில் மாணவர்களைத் "தூதுவர்களாக"ப் பழக்கினார்கள். அவர்கள் புகைக்கிறவரை அணுகி, வணக்கம் சொல்லி, இது புகையிலை இல்லா வளாகம் என்பதை நினைவூட்டி, விட விரும்பினால் எங்கே உதவி கிடைக்கும் என்பதையும் சொல்லுவார்கள். அதட்டுவதும் வாக்குவாதம் செய்வதும் இல்லை. விதி நடக்கிறதா என்று அறிய, தரையில் கிடந்த சிகரெட் துண்டுகளையே பொறுக்கி எண்ணிப் பார்த்தார்கள். தூதுவர்கள் நடமாடியபோது அந்தத் துண்டுகள் குறைந்தன.

இம்மூன்றையும் செய்தவர்கள் காவலர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர், அலுவலர், செவிலியர், மாணவர் ஆகியோரே செய்தார்கள்.

எண்கள் சொல்லுவது

விதியால் பழக்கம் உண்மையிலேயே குறையுமா? இந்தியானா பல்கலைக்கழகம் 2008 ஜனவரியில் வளாகத்தைப் புகையில்லா இடமாக்கியது. ஆய்வாளர்கள் அதையும், அதே மாநிலத்தில் அப்படிப்பட்ட விதி இல்லாத பர்டியூ பல்கலைக்கழகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007-க்கும் 2009-க்கும் இடையே இந்தியானாவில் புகைக்கும் மாணவர்கள் 16.5 விழுக்காட்டிலிருந்து 12.8 விழுக்காடாகக் குறைந்தார்கள். பர்டியூவிலோ 9.5 விழுக்காடு 10.1 ஆயிற்று.

மற்றோர் ஆய்வு 2009-இல் வெளியானது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், கட்டடங்களுக்கு அருகே வெளியில் நின்று புகைக்கக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. கவனித்துப் பார்த்தபோது, புகைத்தவர்களில் 33 விழுக்காட்டினரே அதற்குக் கீழ்ப்படிந்தார்கள். சாம்பல் தொட்டிகளை வாசலிலிருந்து தள்ளி வைத்தார்கள், பலகைகளைத் தெளிவாக்கினார்கள், மாணவர்களுக்கு நினைவூட்டும் அட்டைகளைக் கையில் கொடுத்தார்கள். உடனே அது 74 விழுக்காடாக உயர்ந்தது. இந்த முயற்சிகள் முடிந்த பிறகு எண்ணியபோது 54 விழுக்காடு.

இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதி முதலிலிருந்து கடைசிவரை ஒன்றேதான். மாறியது, அதற்காக மனிதர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை மட்டுமே. அக்கறை வந்தபோது கீழ்ப்படிதலும் வந்தது. அக்கறை தளர்ந்தபோது அதுவும் தளர்ந்தது. ஆகவே வளாகத்தாரின் ஆதரவை ஒருமுறை பெற்றால் போதாது, ஆண்டுதோறும் புதிதாக வளர்க்க வேண்டும். ஏனெனில் மாணவர்கள் ஆண்டுதோறும் புதிதாக வருகிறார்கள்.

பேசாத பெரும்பான்மை

ஆதரவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வெளியே தெரிவதில்லை. மாணவர்களிடம், உங்களோடு படிக்கிறவர்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று கேட்டால், உண்மையைவிட அதிகமாகவே சொல்லுகிறார்கள். புகைக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறார்; புகைக்காமல் நூலகத்துக்குப் போகிறவரை யாரும் எண்ணுவதில்லை. அதனால், விதியை விரும்புகிறவன் தான் மட்டுமே தனியன் என்று நினைத்து வாய்மூடி இருக்கிறான். விதி கொண்டுவர விரும்பும் கல்லூரிகள் முதலில் வளாகத்தாரிடம் கருத்துக் கேட்பதன் காரணம் இதுவே. முடிவை எல்லாரும் அறியச் சொன்னால், அதுவே பேசுவதற்குத் துணிவு தரும்.

எதிர்ப்புகளையும் கேட்க வேண்டும்

"புகைப்பது என் சொந்த விருப்பம்" என்பார் சிலர். விருப்பத்தை ஒருவரும் பறிக்கவில்லை. பலர் கூடிப் படிக்கும் இடத்தில், ஆஸ்துமா உள்ள மாணவியும் மூச்சுவிட வேண்டும் என்பதே விதி.

"வளாகத்துக்கு வெளியே அனுப்பினால் தெருவில் நின்று புகைப்பார்கள்" என்பது நியாயமான கவலை. அண்டை வீட்டார் தொல்லைப்படுவார்கள். இரவுப் பணியில் இருக்கும் பெண் ஊழியர் இருட்டில் வெளியே போக நேரிடும். இதற்கு மறுமொழி சிகிச்சையை அருகில் கொண்டுவருவதும், அண்டையில் இருப்பவர்களோடு முன்னதாகவே பேசுவதுமாகும்.

"மருத்துவமனை வராந்தாவில் துக்கத்தோடு நிற்கும் உறவினரிடம் எப்படிச் சொல்லுவது?" என்றும் கேட்கலாம். கடிந்துகொள்ளாமல், முதலில் நோயாளியின் நலனை விசாரித்து, பிறகு மெதுவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி தேவைப்படுவது இப்படிப்பட்ட வேளைகளுக்காகவே.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் சட்டம் அமெரிக்காவைப் போல ஒவ்வொரு கல்லூரியின் முடிவுக்கும் விடப்படவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள் உட்படப் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் அதை நாடு முழுவதற்கும் உறுதியாக்கியது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பதும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்பதும் அதே சட்டம். பொது இடங்களுக்கான திருத்திய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. 2019-இல் மின்-சிகரெட் விற்பனையும் நாடெங்கும் தடை செய்யப்பட்டது.

எனினும் ஒரு காரியம் நம் கவனத்துக்கு உரியது. 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் 10.7 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள், 21.4 விழுக்காட்டினர் புகையாத புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் மெல்லுகிறவர்களும் அடக்குகிறவர்களும் புகைக்கிறவர்களைப்போல இருமடங்கு! "புகைக்காதீர்" என்ற பலகை இவர்களைத் தொடுவதில்லை. உதட்டுக்குள் அடக்கிய பொட்டலத்துக்குப் புகையும் இல்லை, வாடையும் அதிகம் இல்லை. வகுப்பில் ஆசிரியர் எதிரிலேயே அது இருக்கலாம். ஆகவே மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் திருத்தி வெளியிட்ட "புகையிலை இல்லா கல்வி நிலையம்" என்னும் வழிகாட்டுதல், எல்லா வகைப் புகையிலையையும் வளாகத்திலிருந்து நீக்கச் சொல்லுகிறது.

நமக்குச் சட்டத்தில் குறைவில்லை. 33-ஐ 74 ஆக்கிய அந்த அக்கறையே தேவை. அது தலைநகரத்திலிருந்து வராது. அந்தந்த வளாகத்தின் முதல்வர், விடுதிக் காப்பாளர், மாணவர் தலைவர், வாயிற்காவலர், சிற்றுண்டிச்சாலைக்காரர் ஆகியோரிடமிருந்தே வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நம் வாசகர்களில் பலர் கல்லூரிகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் ஆசிரியர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், பெற்றோர்கள். ஆகவே:

* உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் எழுத்தில் விதி உண்டா, அது மெல்லும் புகையிலையையும் உள்ளடக்குமா என்று விசாரியுங்கள்.
* வாசலிலிருந்து 100 கஜத்துக்குள் கடை இருந்தால், முதல்வர் மூலமாக அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். கடைக்காரரிடமும் நயமாகப் பேசுங்கள். அவருக்கும் குடும்பம் உண்டு.
* விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள்.
* ஆலயத்தின் கூடுகை மண்டபத்தையும் அதன் வளாகத்தையும் முதலில் புகையிலை இல்லா இடமாக்குங்கள்.

கலந்துரையாட (வாலிபர் கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பயன்படுத்தலாம்)

1. கென்டக்கியில் மருத்துவமனை முதலில் மாறியது ஏன் முக்கியம்?
2. தடை மட்டும் இருந்து சிகிச்சை இல்லாவிட்டால் என்ன நேரிடும்?
3. நம் ஊர்க் கல்லூரியில் புகையிலை பயன்படுத்தும் மாணவனிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லுவீர்கள்? இருவர் இருவராகப் பேசிப் பழகிப் பாருங்கள்.
4. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் நம் சபையார் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தீர்மானித்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் எழுதிவையுங்கள்.