கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசியா? அழுத்தம் பார்ப்பதை விடாதீர்கள்
யுவியைட்டிஸ் என்னும் கண் உள்ளழற்சியால் விழித்திரையின் மையம் வீங்கினால், கண்ணுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு வலுவான ஆதாரம் உண்டு. 2019-இல் அச்சான 'பாயிண்ட்' ஆய்வில், எட்டு வாரத்தில் விழித்திரைத் தடிப்பு, கண்ணைச் சுற்றிப் போட்ட டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டால் 23 சதவீதமும், அதையே உள்ளே போட்டபோது 39 சதவீதமும் குறைந்தது. கண் அழுத்தம் கூடும் ஆபத்தும் உள்ளே போட்டவர்களுக்கே அதிகம். 'வலியில்லை, பார்வையும் தெளிவு, மறுபடி எதற்கு அலைச்சல்?' என்ற கேள்வி நியாயமானது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்வர ஒருநாள் கூலி போய்விடும். ஆனால் இந்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி, சில வாரம் கழித்தே ஏறும். அதனால் பார்வை நரம்பு கெட்டால் இழந்த பார்வை திரும்பாது. இடையிலான அழுத்தப் பரிசோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடம் செய்யலாமா என்று கேளுங்கள்; ஊசிச் சீட்டு கையில் இருக்கட்டும். குடும்பத்தில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய், உங்களுக்குக் காசநோய் இருந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஊசிக்குப்பின் வலி, சிவப்பு, மங்கல் கூடினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.