ஹாஸ்டலுக்கு நாயோடு போகலாமா?

ஆயக்குடி கொய்யாத் தோப்பில் கூடவே திரிந்த நாயை விட்டுவிட்டு, பிள்ளைகள் மதுரை, கோவை, அமெரிக்கா என்று படிக்கக் கிளம்புகிறார்கள். கூட்டிப்போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

● மன ஆறுதலுக்கான வளர்ப்புப் பிராணிக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. விடுதி விதிதான் முடிவு. பணம் கட்டுமுன் வார்டனிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

● பார்வையற்ற மாணவருக்கு வழிகாட்டும் நாயா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிறுவனங்கள் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது. அதைச் சுட்டி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலுடன் கல்லூரி முதல்வருக்கு மனு கொடுங்கள்.

● அமெரிக்காவில், குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய சேவை நாய் வகுப்புக்கும் வரலாம். ஆறுதல் பிராணிக்குப் பொதுவாகத் தங்கும் அறை மட்டும்தான். அதற்கும் மருத்துவர் கடிதமும் முன் அனுமதியும் வேண்டும். ஆன்லைனில் விற்கும் 'பதிவுச் சான்றிதழை' நம்பிக் காசைத் தொலைக்காதீர்கள்.

● அந்நாட்டுக்குள் நுழையும் நாய்க்கு 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப் கட்டாயம். இந்தியாவிலிருந்து போனால் வெறிநோய்த் தடுப்பூசிக்கான கூடுதல் ஆவணங்களும் தேவை.

● கல்லூரி வளாகத்து நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

● அனுமதி கிடைக்காமல் மனசு கனத்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.