மைனஸ் நாற்பதைத் தாண்டி வரும் செடிகள்

கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு ரோஜாச் செடி வாங்கி நட்டேன். கோடை முழுக்கப் பூத்தது. மறு வருஷம் மே மாதம் பார்த்தால் மேலே இருந்ததெல்லாம் கருகிப்போய், மண்ணுக்கடியிலிருந்து முள் நிறைந்த நீளத் தளிர்கள் கிளம்பியிருந்தன. இலையே வேறு மாதிரி. மொட்டு ஒன்றுகூட இல்லை. நான் வாங்கியது ஒட்டுச்செடி. ஒட்டிய ரோஜா குளிரில் செத்துவிட்டது, அடிச்செடி மட்டும் பிழைத்திருக்கிறது. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டியில் செருகியிருந்த அட்டையை நான் படிக்கவில்லை. அதில் ‘மண்டலம் 6’ என்று தெளிவாகப் போட்டிருந்தது.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஊரின் மண்டல எண்ணைத் தெரிந்துகொள்வது. எண் குறையக் குறையக் குளிர் அதிகம். வின்னிபெக் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கிறது. இதில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கக் கணக்கு குளிர்காலத்தின் அடிமட்ட வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. அதன்படி மண்டலம் 3 என்றால் மைனஸ் 40-இலிருந்து மைனஸ் 34 டிகிரி வரை. கனடாக் கணக்கு உறைபனி இல்லாத நாட்கள், கோடை மழை, பனியின் ஆழம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அட்டையில் இருக்கும் எண் எந்த நாட்டுடையது என்று கேட்டு வாங்குங்கள். பல வருஷம் நிற்க வேண்டிய மரமென்றால் உங்கள் ஊரைவிட ஒரு மண்டலம் கூடுதல் குளிர் தாங்குவதாக எடுங்கள். குளிர்காலம் முழுக்க வெளியிலேயே இருக்கப்போகும் தொட்டிச் செடிக்கு இரண்டு மண்டலம். தொட்டிக்குள் வேரைச் சுற்றி நிலத்தின் கதகதப்பு கிடையாது.

அடுத்தது, வீட்டைச் சுற்றி ஒரு நடை. பனி எங்கே ஆழமாகக் குவிகிறது, வடமேற்குக் காற்று எங்கே அறைகிறது என்று ஒரு குளிர்காலமாவது பாருங்கள். பனிதான் செடிக்குக் கிடைக்கும் நல்ல போர்வை. மேலே மைனஸ் 30 இருக்கும்போது, அரை மீட்டர் பனிக்கடியில் மண்ணின் குளிர் அதில் பாதிகூட இருக்காது. பனி மூடிய கிளைகள் தப்பிப்பதும், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தவை காய்வதும் இதனால்தான். காற்று பனியை வாரிக்கொண்டு போகும் மூலையில் மண்டலம் 4 செடிகூடச் சாகும்.

இனி, எதை வாங்குவது. நல்ல வேளையாக, இந்தக் குளிருக்கென்றே ஆயுள் முழுக்க செடி வளர்த்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். அவர்கள் கைவண்ணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. ரோஜாவென்றால் ஒட்டாவா மத்திய ஆராய்ச்சிப் பண்ணையில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா உருவாக்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ வரிசை. கடற்பயணிகளின் பெயர்கள்: ஜான் கேபட், வில்லியம் பாஃபின். பின்னது கொடிபோல ஏறி ஆளுயரத்தையும் தாண்டும். வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்திலேயே மோர்டன் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘பார்க்லேண்ட்’ வரிசையில் மோர்டன் ப்ளஷ் எனக்குப் பிடித்தது. இவற்றைச் சொந்த வேரில் வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். மேலே காய்ந்தாலும் கீழிருந்து அதே ரோஜா திரும்பி வரும்.

பழம் வேண்டுமென்றால் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே உருவான கார்மைன் ஜுவல் என்ற குட்டைப் புளிப்புச் செர்ரி, ஆளுயரப் புதராக நின்று தனியாகவே காய்க்கும். ஹாஸ்கேப் இன்னும் கெட்டி. நீளமான நீலப் பழம். அதன் பூ மைனஸ் 7 டிகிரி உறைபனியையும் தாங்கும். ஆனால் ஒரே வகையில் இரண்டு வைத்தால் காய்க்காது. ஒரே சமயத்தில் பூக்கும் வெவ்வேறு இரண்டு வகை வேண்டும். ஆப்பிளுக்கும் அப்படித்தான், பக்கத்து வீட்டில் நண்டு ஆப்பிள் மரம் இருந்தால் அதுவே போதும். பூவுக்கும் வாசனைக்கும் லைலாக்கை மிஞ்ச எதுவுமில்லை, கவனிக்காமல் விட்டாலும் பிழைக்கும்.

கறிவேப்பிலையை வெளியில் காப்பாற்றும் வழியைத் தமிழர்கள் தவறாமல் கேட்பார்கள். வழியில்லை. தொட்டியில் வையுங்கள், இரவு 10 டிகிரிக்குக் கீழே போவதற்குள் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

காய்கறிக்கு இங்கே கிடைப்பது ஏறக்குறைய நான்கு மாதம். ஆனால் ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரம் நீள்வதால் செடிகள் வெறிகொண்டு வளரும். மிளகாய் விதையை நடுவதற்கு 8 முதல் 10 வாரம் முன்பும், தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பும் வீட்டுக்குள் விளக்கடியில் போடுங்கள். பட்டாணியும் பாலக் கீரையும் வெளியிலேயே, மண் கிளற வந்ததும் விதைக்கலாம். மே மாதப் பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைதான் இங்கே நடவுக்கு நாள்; நான் தக்காளிக்கு இன்னும் ஒரு வாரம் பொறுப்பேன். நாற்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் பழக்கிவிட்டு நடுங்கள்.

மரமோ புதரோ நடும்போது குழி, வேர்ப்பந்தைவிட இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். ஒட்டு ரோஜாதான் இதற்கு விதிவிலக்கு: ஒட்டுக் கணு மண்ணுக்குள் 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது ஆகஸ்டில்தான். அப்போது தழைச்சத்து உரம் போட்டால் செடி இளந்தளிர் விடும். அது முற்றுவதற்குள் குளிர் வந்து கொல்லும். ஜூலை நடுவிலேயே உரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிலம் உறையும் வரை நிறுத்தாதீர்கள். ஊசியிலை மரங்கள் வசந்தத்தில் பழுப்பாகிப்போவது பெரும்பாலும் தாகத்தால்தான்: காற்றும் வெயிலும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது.

மூடாக்கு போட அவசரப்பட வேண்டாம். நிலம் உறைந்த பிறகு காய்ந்த இலையோ வைக்கோலோ ஒரு சாண் போடுங்கள். மண் இளகி இளகி உறைந்து வேரை வெளியே தள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பழ மரத்தின் அடியைச் சின்னக் கண் கம்பிவலையால் சுற்றுங்கள். பனிக்கடியில் எலியும், பனிமேல் ஏறி நின்று முயலும் பட்டையைக் கடித்துத் தின்னும். வலை, எதிர்பார்க்கும் பனிமட்டத்துக்கு மேல் அரை மீட்டராவது இருக்க வேண்டும். என் முதல் ஆப்பிள் மரத்துக்கு முழங்கால் உயரமே கட்டியிருந்தேன். முயல் அதற்கு மேலே வட்டமாக உரித்துவிட்டது.

மே மாதத்தில் மொட்டைக் குச்சியாக நிற்கும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஜூன் நடுவரை பொறுத்து, கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் தொட வேண்டாம். பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு மொட்டை விட்டு வெட்டுங்கள்.