கடலின் அடியில் ஒரு மேய்ச்சல் தரை

கரையிலே குவியல் குவியலாகச் சாதாழை ஒதுங்கிக் கிடப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். வலையில் அது சிக்கிவிட்டால் உதறி எறியும் தொழிலாளியின் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. தோட்டக்காரர் சிலர் அதை அள்ளிச் சென்று தென்னைக்கு உரமாகத் தாழ்ப்பதுண்டு. அதற்கு மேல் நாம் அதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆனால் அது வளரும் இடம் அழிந்தால் நம் வீட்டு அடுப்பிலே என்ன குறையும்? இவ்வாரம் அதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. பாசிக்கு உண்மையான வேருமில்லை, பூவுமில்லை. கடற்புல்லோ நம் முற்றத்து அறுகைப் போல மண்ணுக்குள் தண்டோட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதை போடும் தாவரம். அதற்கு வெயில் வேண்டும். ஆகவேதான் ஆழங் குறைந்த பாக்கு நீரிணையிலும் மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் அது பரந்து வளர்கின்றது.

இப்புல்லை ஓரா மேய்கின்றது. இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெரிய மீனுக்கு அஞ்சி இதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. ஏற்றுமதிக்குப் போகும் நீலக்கால் நண்டின் தொட்டிலும் இதுவே. புல்லின் வேர் சேற்றைப் பிடித்து வைத்திருப்பதால் நீர் தெளிகின்றது. அலையின் வேகமும் சற்றுத் தணிகின்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் புல் உள்வாங்க, அதன் கரி வேரடிச் சேற்றிலே நெடுங்காலம் புதைந்து கிடக்கின்றது. புவி சூடேறும் இக்காலத்தில் அறிஞர்கள் கடற்புல்லைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022 இல் மார்ச் 1 ஆந் திகதியைக் கடற்புல்லுக்குரிய உலக நாளாக அறிவித்தது.

ஆவுளியா என்று நம்மவர் சொல்லும் கடற்பசுவுக்கோ இப்புல்லே உணவு. வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு 40 கிலோ வரை மேயும். பெண் ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சினை சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லலாம். இறைச்சிக்காக ஒன்றைக் கொன்றாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை. சட்டமும் அதைத் தடை செய்துள்ளது.

புல்லுக்கு வரும் கேடுகளிற் பெரியது இழுவைமடி. அடியோடு இழுபடும் மடி புல்லை வேரோடு பிடுங்குவதோடு சேற்றையுங் கலக்கிவிடுகின்றது. தப்பிய புல்லுக்கும் வெயில் கிடைப்பதில்லை. அக்கரைப் படகுகள் செய்யும் அழிவைப் பற்றி நாம் உரக்கப் பேசுகின்றோம், அது நியாயமே. ஆனால் 2017 இல் இந்நாட்டுப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தபோது, அச்சட்டம் நம் கரையிலிருந்து புறப்பட்ட படகுகளுக்கும் உரியதாகவே இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் கொழும்பில் எழுதப்படலாம். புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எந்த மாதத்தில் குஞ்சு கூடுகிறது, எந்த இடத்தில் நங்கூரம் போடலாகாது என்பவை அங்கே தெரியா. அவை தெரிந்தவர் நாள்தோறும் அக்கடலில் இறங்கும் தொழிலாளியே. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கின்றது: குறித்த கடற்பகுதியை முகாமைத்துவப் பகுதியாக அறிவிக்கவும், அங்குள்ள தொழிலாளரைக் கொண்டே குழு அமைக்கவும் அதில் இடமுண்டு. வங்காலைக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதிக்குள் கடற்புல் தரையும் அடங்குகின்றது. அதன் எல்லை பத்திரத்தில் இருக்கின்றது. நண்டு வலை விடுபவரின் மனத்திலும் அது இருந்தாலன்றிப் பயனில்லை.

அக்கரையிலும் நாம் கற்கக்கூடிய ஒன்று நடக்கின்றது. தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதற்கு முன்பே அங்கு மீனவர் சிலர், தொண்டு நிறுவனமொன்றுடன் சேர்ந்து, மூங்கிற் சட்டங்களில் தேங்காய்க் கயிற்றைக் கட்டி அதிலே புல்லைப் பிணைத்துக் கடலடியில் நட்டுப் பார்த்தார்கள். சட்டமுங் கயிறும் காலத்தில் உக்கிவிடும். புல் வேரூன்றி நிற்கும். வலையில் அகப்பட்ட ஆவுளியாவை உயிரோடு விட்டவர்களுக்குப் பணப்பரிசும், மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கொடுத்தார்கள்.

அந்தப் பரிசு ஆடம்பரமன்று. ஆவுளியா மூச்சுவிட அடிக்கடி மேலே வரவேண்டிய பிராணி; வலைக்குள் சிறிது நேரம் அமிழ்ந்தாலே மூச்சடைத்து இறந்துவிடும். கண்டவுடன் தலையை நீருக்கு மேல் தாங்கி, தாமதமின்றி வலையை அறுத்துவிட வேண்டும். அறுபடுவது ஓர் ஏழையின் வலை. அந்த வலைக்கு யார் விலை கொடுப்பது என்பதை நம் கடற்றொழிலாளர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவெடுக்கலாம்.