இரண்டாம் வருஷத்துக்காரிக்கு, சிதறாலிலிருந்து

சிதறால்
ஞாயிறு காலை

மக்களே,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அத்தை, இந்த வருஷம் சும்மா போவுது. யாரும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் செய்யல." அதற்குள் மெஸ்ஸில் மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாய். போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் பேனா எடுத்திருக்கிறேன்.

நீ சொன்னது சரிதான். முதல் வருஷம் எல்லாமே புதுசு. ஹாஸ்டல், திருநெல்வேலி வெயில், புதுத் தோழிகள் என்று நாள் ஓடியது தெரியவில்லை. மூன்றாம் வருஷம் வந்தால் ஊரே கேள்வி கேட்கும். பி.எட்.டா, எம்.ஏ.வா, டி.என்.பி.எஸ்.சி.யா, மாப்பிள்ளை பார்க்கலாமா? நடுவில் கிடக்கும் மூன்றாவது, நான்காவது செமஸ்டரைத்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது உனக்கு மட்டும் வந்த சோர்வு இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டுக்காரர்களைப் பிடிக்கும் இந்தத் தளர்ச்சிக்கு 'சோஃபோமோர் ஸ்லம்ப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு வருஷப் படிப்பு. உனக்கு மூன்றே வருஷம். ஒன்றைத் தூங்கவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நான் தூங்கவிட்டேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் இரண்டாம் வருஷம் முழுக்க நோட்டைக் கடன் வாங்கி எழுதியே கழிந்தது. அரியர் வைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் வருஷக் கடைசியில் வெளியூரில் எம்.ஏ. சேர ஆசை வந்தது. விண்ணப்பத்தோடு பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் எனக்குப் பாடம் எடுத்தவரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அவர் மேல் குறையே இல்லை. அறுபது பேர் இருந்த வகுப்பில் நான் ஒரு நாளும் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பிறகு பி.எட். முடித்து டீச்சர் ஆனேன். அந்த வேலையை மனசாரத்தான் செய்தேன். ஆனாலும் அந்த அறையின் வாசலில் நின்ற நேரம் இன்றைக்கும் வலிக்கும்.

அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷத்தில் திறக்கிற வாசல்களுக்கெல்லாம் சாவி இரண்டாம் வருஷத்தில்தான் செய்யப்படுகிறது. பாண்டிச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யூ. என்று மத்தியப் பல்கலைக்கழகம் எதிலாவது எம்.ஏ. வரலாறு படிக்க நினைத்தால் சி.யூ.இ.டி. பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது உன் ஆறாவது செமஸ்டரின் நடுவிலேயே வந்துவிடும். அதற்கு முன்பே விண்ணப்பம் போட்டு முடித்திருக்க வேண்டும். யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வை, 21 வயது ஆகிவிட்டால், கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். இதற்கெல்லாம் படிக்க மூன்றாம் வருஷத்தில் எங்கே நேரம்? புராஜெக்ட் இருக்கும், வைவா இருக்கும், தோழிகள் கல்யாணமும் வரும். படிக்க ஓய்வும் தடுமாற இடமும் இருப்பது இப்போதுதான். இன்டர்னலுக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் புத்தகம் திறக்கிற பழக்கத்தையும் இப்போதே விடு. மார்க் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன். நம்ம மலை.

சின்ன வயசில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் கொல்லாமரம், மேலே போனால் காற்று ஆளைத் தள்ளும், கீழே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குழித்துறை ஆறு தெரியும். பெரிய பாறை கூரை மாதிரி கவிந்து நிற்க, அதன் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். படமெடுத்த பாம்பின் கீழே பார்சுவநாதர் நிற்பார். பிள்ளைகளோடும் சிங்கத்தோடும் அம்பிகை இருப்பாள். பிற்காலத்தில் அந்த இடம் பகவதி கோயிலாக மாறியது. ஊரில் எல்லோரும் பார்ப்பது இவ்வளவுதான். நானும் நாற்பது வயது வரைக்கும் இவ்வளவுதான் பார்த்தேன்.

அங்கே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. சுமார் 1,100 வருஷம் ஆகிறது. பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலைக் கோயிலுக்குப் பொன் அணிகள் கொடுத்தார் என்பது செய்தி. திருச்சாரணத்து மலை என்பது நம்ம மலைதான். குரத்தி என்றால் பெண் குரு. ஒரே செய்தியில் அவர் ஒருவருக்கு மாணவி, வேறு பலருக்கு ஆசிரியை. முதன்முதலில் இதை எழுத்துக்கூட்டி வாசித்த அன்று, பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் நின்று பாடம் எடுத்த நான், மலையடிவாரத்திலேயே பிறந்தவள், அழுதுவிட்டேன்.

ஏன் அழுதேன் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கல்வெட்டுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், 866-இல், இதே ஆய் வம்சத்துக் கருநந்தடக்கன் முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் கட்டி, காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும், அதாவது கல்விக்கூடமும், வைத்தான். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம், சண்டை போட்டால் என்ன அபராதம் என்பது வரைக்கும் செப்பேட்டில் இருக்கிறது. ஹாஸ்டல் விதிமுறை மாதிரியே இருக்கும், நீ வாசித்துப் பார். ஆனால் அந்த 95 இடத்தில் ஒன்றுகூட நம்ம வீட்டுப் பெண்ணுக்குக் கிடையாது, பையனுக்கும் கிடையாது. அடுத்த தலைமுறையிலேயே, அதே நாட்டில், ஒரு பெண் படித்தாள், படிப்பித்தாள். பெயரும் கல்லில் நின்றுவிட்டது. வரலாறு படிக்கிற நீ இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் வருஷத்துக்காரியும் அந்தக் குரத்தியைப் போலவே மாணவியாகவும் ஆசிரியையாகவும் இருக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. உனக்கு மேலே பேராசிரியர்கள், கீழே போன மாதம் வந்து சேர்ந்த பிள்ளைகள். இரண்டு பக்கமும் கை நீட்டலாம். ஒரே ஒரு பேராசிரியரைத் தேர்ந்துகொள். வகுப்பு முடிந்ததும் பாடத்தில் நிஜமாகவே புரியாத ஒன்றைப் போய்க் கேள். "இதற்கு எதை வாசிக்கணும்?" என்று கேள். அவர் சொன்னதை வாசித்துவிட்டு அடுத்த வாரமும் போ. ஐந்தாறு தடவை இப்படிப் போனால் போதும், உன் பேரை யாரும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்காது. கடிதத்துக்காகப் போகாதே. படிப்புக்காகப் போ, கடிதம் தானாக வரும்.

அதே மாதிரி முதல் வருஷத்துப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து உட்கார வை. மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுகிற, இங்கிலீஷ் பாடத்தைக் கண்டு பயப்படுகிற ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள். நீ போன வருஷம் படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொடு. பாதியில் நாக்கு தடுக்கும். அந்த இடம்தான் உனக்கே புரியாத இடம். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், நான் கற்றதில் பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்துக் கற்றதுதான்.

மூன்றாவதாக ஒரு காரியம், உனக்கே உனக்கு என்று. இந்த வருஷம் முடிவதற்குள் வட்டெழுத்து வாசிக்கப் படி. பரீட்சைக்கு வராது, யாரும் மார்க் போடமாட்டார்கள். அதனாலேயே சொல்கிறேன். சில எழுத்துகள் முதலில் குழப்பும். தினம் கால் மணி நேரம் எழுதிப் பழகினால் சில மாதத்தில் கண் பிடித்துக்கொள்ளும். திருவிதாங்கூரில் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அச்சிட்ட டி.ஏ. கோபிநாத ராவின் 'திருவிதாங்கூர் தொல்லியல் தொடர்' உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரி. தேரூர்க் கவிமணியைப் பிள்ளைப் பாட்டுக்காரராகத்தானே உனக்குத் தெரியும்? அவர் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே கல்வெட்டுகளைத் தேடித் திரிந்தவர், காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை நம்ம மாவட்டத்துக்காரர். சொந்த மண்ணின் சுசீந்திரம் கோயிலையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்தார். அது 1953-இல் புத்தகமாக வந்தது. ரெண்டு பேரும் வீட்டு வாசலில் கிடந்ததைத்தான் குனிந்து பார்த்தார்கள். மூன்றாம் வருஷம் புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்கும்போது பக்கத்து பெஞ்சில் எல்லோரும் கூகுளைத் திறப்பார்கள். உன் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

தீபாவளி லீவுக்கு வரும்போது ரெண்டு நாள் இங்கே நில். மரச்சீனி அவித்து மீன் கறி வைக்கிறேன். விடியக்காலம் மலை ஏறுவோம். சாய்ந்த வெயிலில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும். நல்ல டார்ச் ஒன்று கொண்டு வா, பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க. சாக்பீஸ் கொண்டு வராதே, அது தொல்லியல் துறையின் காவலில் இருக்கிற இடம், கல்லில் எதையும் தேய்க்கக் கூடாது. அந்த முதல் வருஷத்துப் பிள்ளைக்கு ஊருக்குப் போக வசதி இல்லை என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் கட்டில் இருக்கிறது.

உன் அத்தை